கணிப்பொறியின் மறதி: காரணமும் சீரமைப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறியின் உள்ளுறுப்பு பற்றிய கட்டுரையைக் காணும் பெரியோர் சிலர் வியப்படையக்கூடும். ஆயினும், ஆய்வேடு எழுதுவதும் மெய்ப்புத் திருத்துவதும் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் இன்று அப்பொறியின் வழியே நிகழ்கின்றன. கீழவைப்பார், சிப்பிகுளம், வேம்பார் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் வீடுகளில் கணிப்பொறி இருக்குமாயின், அது பெரும்பாலும் பெயர்பெற்ற நிறுவனம் செய்து விற்ற பொறியாக இராது. தாய்ப்பலகை ஓரிடத்திலும், நினைவகம் வேறோரிடத்திலும், பெட்டியும் மின்வழங்கியும் மற்றோரிடத்திலுமாக வாங்கிப் பொருத்திய 'அசெம்பிள்டு' பொறியாகவே இருக்கும். சென்னை ரிச்சி தெருவின் புகழ் இத்தகைய பொறிகளால் வந்ததே. இவற்றைப் பீடிக்கும் நோய்களுள் ஒன்றை இங்கு விளக்க முயல்வோம்.

நோயின் குறி இது. பொறியை இயக்கியவுடன், அமைப்புகள் பழுதுபட்டமையால் தொடக்கநிலை அமைப்புகள் ஏற்றப்பட்டன என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை கருந்திரையில் தோன்றும். அமைப்புகளை முறையாகத் திருத்திவைத்தால் அன்று ஓடும். மறுநாளோ மறுவாரமோ மீண்டும் அதே எச்சரிக்கை. இதனையே 'பயாஸ் ரீசெட்' என்கின்றனர்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அமைப்புகளோடு தேதியும் அழிந்து, பொறி பத்தாண்டு பின்னே சென்றுவிட்டதாகக் கொள்வோம். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் இன்ன நாள்முதல் இன்ன நாள்வரை செல்லும் என்னும் சான்றிதழ் ஒன்றைக் காட்டியே உள்ளே விடுகிறது. பத்தாண்டு பின்தங்கிய பொறியோ, இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று மறுத்துவிடும். விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் மாலையில் இது நேர்ந்தால் மாணவன் நிலை என்னாகும்? இதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. வன்தட்டை எந்த முறையில் படிக்க வேண்டும் என்னும் குறிப்பும் இவ்வமைப்புகளுள் அடக்கம். அக்குறிப்பு மாறிவிட்டால் விண்டோஸ் தொடங்காது. வன்தட்டே போய்விட்டது என்று கருதி, பழுதுபார்ப்பவர் அதனைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டால், ஒரே ஒரு சொல்லை மாற்றி மீட்டிருக்கக்கூடிய ஆய்வேடு அடியோடு அழிந்துபோகும். காரணத்தை அறியாத மருத்துவம் நோயினும் பெரிய கேட்டைச் செய்யும் இடம் இது.

நாழிகைக் கருவியும் அதன் ஏடும்

1984ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசி ஏடி என்னும் பொறியில், மோட்டரோலா நிறுவனத்தின் எம்சி146818 என்னும் சில்லு இடம்பெற்றது. பொறி அணைந்திருக்கும்போதும் நேரத்தை விடாது எண்ணிக்கொண்டிருப்பது அதன் பணி. அதனுள் 64 பைட் அளவிலான சிறு நினைவகமும் இருந்தது. முதல் 14 பைட்டுகள் நாழிகைக்கும் அதன் கட்டுப்பாட்டிற்கும் உரியவை. எஞ்சிய 50 பைட்டுகளில் பொறியின் அமைப்புகளை ஐபிஎம் எழுதிவைத்தது. சிமாஸ் என்று வழங்கப்படுவது இந்நினைவகமே. பின்னாளில் அது 128 பைட்டாகவும், இரண்டாவது 128 பைட் பகுதியைச் சேர்த்து 256 பைட்டாகவும் விரிந்தது. தனிச் சில்லாக இருந்தது, தாய்ப்பலகையின் பெருஞ்சில்லுக்குள் ஒடுங்கியது. இன்றைய பலகைகள் அமைப்புகளிற் பெரும்பகுதியை வேறொரு நிலைநினைவகத்தில் வைக்கின்றன. ஆயினும் பழைய ஏட்டைப் புரட்டிப்பார்க்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை.

நாழிகையை ஓட்டுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். ஒன்றை இரண்டால் பதினைந்து முறை பெருக்கினால் கிட்டும் எண் இது என்பதனால், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு நொடியைப் பெறுவது சில்லுக்கு எளிது. மின்சாரம் இல்லாதபோது இதற்கு உயிரூட்டுவது வட்டக்காசு போன்ற சிஆர்2032 மின்கலம். பெயரிலேயே அளவு உள்ளது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட்.

இனி, அமைப்புகள் பழுதுபட்டன என்பதைப் பொறி எவ்வாறு அறிகிறது? நம் கடற்கரையின் பழந்தொழிலிலிருந்தே ஓர் ஒப்புமை கூறலாம். தூத்துக்குடிக் கடலில் அரசின் மேற்பார்வையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (1955 முதல் 1961 வரை நடந்ததே அவ்வரிசையில் இறுதியானது) எடுத்த சிப்பிகளைக் கரையிலுள்ள 'கொட்டு' என்னும் அடைப்புக்குள் கொணர்ந்து பங்கிடுவர். பழைய வழக்கப்படி மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிப்பவருக்கு. கொட்டின் கணக்கேட்டில் ஒரு பக்கத்தில் முப்பது வரிகள் உள்ளன என்றும், அடியில் மொத்தத்தொகை எழுதப்பட்டுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். காலையில் வரும் மேலாளர் வரிகளைக் கூட்டிப்பார்க்கிறார். தொகை பொருந்தினால் நன்று. பொருந்தாவிடில், எந்த வரி பிழை என்று அறிய வழியில்லை; ஆகவே அந்தப் பக்கத்தையே தள்ளிவிட்டுப் புதுப் பக்கம் தொடங்குகிறார். பயாஸ் செய்வதும் இதுவே. ஐபிஎம் வகுத்த முறையில் 30 பைட்டுகளைக் கூட்டி, தொகையை அடுத்த இரு பைட்டுகளில் எழுதிவைத்தனர். பொறி இயங்கத் தொடங்கும்போது மீண்டும் கூட்டிப்பார்க்கும். தொகை வேறுபட்டால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளை ஏற்றிவிடும். இத்தொகைக்குச் சரிபார்ப்புத்தொகை என்று பெயர்.

ஆக, பக்கம் தள்ளப்படுவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஏடு நனைந்து எழுத்து அழிந்திருக்கலாம். அல்லது ஏட்டுக்கு உரியவரல்லாத ஒருவர் அதில் ஏதோ எழுதியிருக்கலாம். முன்னதை எல்லாரும் அறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே.

நனைந்த ஏடு

மின்கலம் தளர்வதே முதற்காரணம். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சுவரிலுள்ள சுவிட்ச் போட்டிருக்கும்வரை, பொறி அணைந்திருந்தாலும், மின்வழங்கியிலிருந்து வரும் சிறு மின்னோட்டமே நாழிகையைத் தாங்குகிறது. சுவிட்சை அணைத்தாலோ மின்வெட்டு நேர்ந்தாலோதான் மின்கலத்திற்கு வேலை. ஆகவே இரவில் சுவிட்சை அணைத்துவிடும் சிக்கனமான வீடுகளில் மின்கலம் விரைவில் தேய்கிறது. அதன் தளர்ச்சி வெளிப்படுவதும் அவ்வீடுகளில்தான்.

கீழவைப்பார் போன்ற ஊர்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவிற் கலக்கும் அப்பகுதியில் உப்பளங்களும் கடற்காற்றும் சூழ்ந்திருக்கின்றன. உப்பேறிய ஈரக்காற்று மின்கலத்தைப் பிடித்திருக்கும் உலோக நாக்கில் மெல்லிய பூச்சாகப் படிந்து அரிக்கும். மின்கலம் புதிதாயினும் தொடர்பு அறுந்து அறுந்து கிட்டும். புது மின்கலம் போட்டும் பயனில்லை என்று வருந்துவோர், போடும் முன் அந்நாக்கைத் துடைத்துப் பார்ப்பது நல்லது. பத்துப் பைசா செலவில்லை.

அயலார் கை

இரண்டாம் காரணத்திற்கு வருவோம். இயங்குதளம் ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்கு ஒரு சிறு நிரலை வைத்திருக்கும். டிரைவர் என்று வழங்கும் அதனை இயக்கி என்போம். நாழிகைச் சில்லுக்கும் ஓர் இயக்கி உண்டு. நேரத்தைப் படித்துக் கூறுவதோடு அது நின்றுவிட்டால் தொல்லையில்லை. ஏட்டின் வேறு பக்கங்களிலும் எழுதத் தலைப்பட்டால்தான் தொல்லை.

இதற்குத் தெளிவான சான்று, அசெம்பிள்டு பொறிகளில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளத்தை நிறுவியோர் பட்ட பாடு. அச்சுத்தொழிலிலும் படத்தொகுப்பிலும் மெக்கின்டோஷ் பொறிக்கு நெடுங்காலமாக நன்மதிப்பு உண்டு. தமிழர்க்குக் கூடுதல் ஈர்ப்பாக, முத்து நெடுமாறன் அவர்களின் இணைமதி எழுத்துரு அதனோடு சேர்ந்தே வந்தது. விலையோ எட்டாத உயரம். 2006இல் ஆப்பிள் இன்டெல் செயலிக்கு மாறியபின், நம் அசெம்பிள்டு பொறிக்கும் மெக்கின்டோஷுக்கும் உள்ளுறுப்பு அளவில் வேற்றுமை குறைந்தது. ஆகவே உலகெங்கும் ஆர்வலர் பலர் தாமே பொருத்திய பொறிகளில் அத்தளத்தை ஓட்டிப்பார்த்தனர். இத்தகைய பொறிக்கு 'ஹாக்கின்டாஷ்' என்று பெயரும் இட்டனர். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் தன் பெயர் பொறித்த பொறியில் மட்டுமே அத்தளத்தை நிறுவ இசைகிறது. இதனை மறைத்துப் பேசுவது ஆசிரியர்க்கு அழகன்று. தொழில்நுட்பத்தைக் கற்பது ஒன்று. ஒப்பந்தத்தை மீறுவது மற்றொன்று.

2009இல் மேக் ஓஎஸ் 10.6 வெளிவந்ததை ஒட்டி, இப்பொறிகள் பலவற்றில் உறக்கநிலையிலிருந்து எழும்போதும் மறுதொடக்கத்தின்போதும் பயாஸ் அமைப்புகள் அழிந்தன. மின்கலத்தை மாற்றியும் பயனில்லை. ஆராய்ந்தபோது, ஆப்பிள்ஆர்டிசி என்னும் நாழிகை இயக்கியே காரணம் எனத் தெளிந்தது. ஆப்பிள் தன் பொறிகளில் அந்நினைவகத்தைத் தன் விருப்பப்படி பகுத்துவைத்திருந்தது. பதினாறடிமான எண்ணில் 58, 59 ஆகிய இடங்களில் தன் சரிபார்ப்புத்தொகையை அவ்வியக்கி எழுதும். உறக்கநிலை தொடர்பான திறவுகோல்களையும் வேறோரிடத்தில் வைக்கும். மெக்கின்டோஷில் அவ்விடங்கள் அதற்கே உரியவை. மற்றோர் உற்பத்தியாளரின் தாய்ப்பலகையிலோ, அதே இடத்தில் பயாஸ் தன் கணக்கை எழுதியிருக்கும். இயக்கி தன் தொகையை அதன்மேல் எழுதிவிட்டுப் போகும். மறுமுறை பயாஸ் கூட்டிப்பார்க்கும், தொகை பொருந்தாது, பக்கம் தள்ளப்படும்.

இங்கு யாரைக் குற்றம் சொல்வது? நம் கருத்தில் இருவர்மேலும் குற்றமில்லை. இயக்கி தான் பிறந்த வீட்டு வழக்கத்தைக் கைக்கொண்டது. பலகை தன் வீட்டு வழக்கத்தைக் கைக்கொண்டது. இருவரையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தவர் பொறியைப் பொருத்தியவர். ஆகவே சீர்செய்யும் பொறுப்பும் அவருடையதே ஆயிற்று.

ஒட்டுப் போட்ட வரலாறு

வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவது போல, நிரலில் வேண்டும் இடத்தை மட்டும் மாற்றுவதைப் 'பேட்ச்' என்கின்றனர். முதலில் ஆர்வலர் கையாண்ட வழி, இயக்கிக் கோப்பையே திறந்து, ஏட்டில் எழுதும் கட்டளை இருக்கும் சில பைட்டுகளை ஒன்றும் செய்யாத கட்டளைகளாக மாற்றுவது. நோய் நின்றது. ஆனால் இயங்குதளத்திற்குப் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் பழைய இயக்கியே மீண்டும் வந்து அமர்ந்துகொள்ளும், ஒட்டும் போய்விடும். ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டியிருந்தது.

இரண்டாம் வழி இன்னும் நுட்பமானது. 1996 திசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் பொதுவிதியை வெளியிட்டன. அதன்படி, தாய்ப்பலகை தன்னிடமுள்ள உறுப்புகளை விவரிக்கும் அட்டவணை ஒன்றை இயங்குதளத்திற்கு அளிக்கிறது. டிஎஸ்டிடி என்பது அவ்வட்டவணையின் பெயர். நாழிகைச் சில்லுக்கு 70 என்னும் பதினாறடிமான முகவரியிலிருந்து எட்டு முகவரிகள் உரியவை என்று பல பலகைகளின் அட்டவணை கூறிற்று. அதனைப் படித்த ஆப்பிள் இயக்கி, ஏட்டின் இரண்டாம் பகுதியும் தனக்குரியதே எனக் கொண்டு அங்கும் கைவைத்தது. எனவே அட்டவணையில் 8 என்று இருந்ததை 2 என்று திருத்தினர். 70, 71 ஆகிய இரு முகவரிகளால் முதற்பகுதியை மட்டுமே எட்ட இயலும். பல பலகைகளில் இந்த ஓர் எண்ணை மாற்றியதே போதுமாயிற்று. இயக்கியைத் தொடவில்லை, பலகையின் உண்மையான பயாஸையும் தொடவில்லை. தொடக்கநிரல், திருத்திய அட்டவணையைப் பலகையின் அட்டவணைக்கு மாற்றாக இயங்குதளத்தின் கையில் கொடுக்கும், அவ்வளவே. எழுத்தரின் கையைப் பிடித்து நிறுத்துவதை விட்டு, அவர்முன் சிறிய ஏட்டை வைப்பது போன்றது இது. இவ்வழியே நமக்கு உவப்பானது.

ஆயினும் முதற்பகுதிக்குள்ளேயே பூசல் இருந்த பலகைகளுக்கு இது போதவில்லை. மூன்றாம் வழியாக, வட்டிலுள்ள கோப்பை விட்டுவிட்டு, நினைவகத்தில் ஏற்றப்படும் தருணத்தில் இயக்கியை மாற்றும் முறை வந்தது. புதுப்பிப்பு வந்தாலும் இவ்வொட்டுப் பெரும்பாலும் நிலைக்கும். 2019இல் வெளிவந்த ஓப்பன்கோர் என்னும் தொடக்கநிரலில், 58, 59 ஆகிய இடங்களில் தொகை எழுதுவதை நிறுத்துவதற்கென்றே ஒரு தெரிவு உள்ளது. அதுவும் போதாதபோது ஆர்டிசி மெமரி ஃபிக்சப் என்னும் துணைநிரல், இன்ன எண்முதல் இன்ன எண்வரையிலான பைட்டுகளில் இயக்கி எழுதலாகாது என்று தடுக்கும்.

எந்தப் பைட்டைத் தடுப்பது என்று அறிவது எவ்வாறு? முறை அழகானது. முதலில் 256 பைட்டுகளையும் தடுத்துப் பார்க்க வேண்டும். நோய் நின்றால் காரணம் உறுதி. பின் முதற்பாதியை மட்டும் தடுக்க வேண்டும். நோய் நின்றால் பூசல் அங்கே, நிற்காவிடில் மறுபாதியில். அப்பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். இவ்வாறு எட்டே சோதனையில் ஒரு பைட் அகப்பட்டுவிடும். பூசல் பல இடங்களில் பரவியிருந்தால் சோதனை கூடும். சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு புகுந்த இடத்தைத் தேடுவோர்க்கு இப்பொறுமை புதிதன்று.

பிற தளங்களிலும்

இது மேக் தளத்திற்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டா. 2013 தொடக்கத்தில், லினக்ஸ் கருநிரலிலிருந்த சாம்சங் மடிக்கணினிக்குரிய இயக்கி ஒன்று, புதுவகை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கிய பொறிகளில் செல்லத்தகாத இடத்தைத் தொட்டமையால், சில பொறிகள் மீண்டும் இயங்கவே மறுத்தன. அம்முறையில் தொடங்கும் பொறிகளில் அவ்வியக்கி இயங்காதவாறு ஒட்டுப் போட்டனர். 2017 திசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பில் இன்டெல் எஸ்பிஐ என்னும் இயக்கியால் லெனோவா முதலிய நிறுவனங்களின் மடிக்கணினிகள் சிலவற்றில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க இயலாது போயிற்று. அப்பதிப்பின் பதிவிறக்கத்தையே நிறுத்திவைத்து, இயக்கியை விலக்கி, 2018 சனவரியில் மீண்டும் வெளியிட்டனர். மூன்று நிகழ்ச்சியிலும் சீர்செய்தோர் செய்தது ஒன்றே: இயக்கியின் கை நீளும் எல்லையைக் குறைத்தனர்.

நோயைப் பிரித்தறிதல்

நம் மாணவர்க்கு உடனே பயன்படுவது இப்பகுதியே. நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறியிருந்தால், அது மின்கலமும் அன்று, ஒட்டுப் போட வேண்டிய நோயும் அன்று. விண்டோஸ் நாழிகைச் சில்லில் இந்திய நேரத்தை எழுதுகிறது. லினக்ஸும் மேக் தளமும் அனைத்துலகப் பொதுநேரத்தை எழுதுகின்றன. இரண்டு தளங்களை ஒரே பொறியில் வைத்திருப்போர்க்கு இவ்வேறுபாடு தோன்றும். அமைப்புகள் எவையும் அழிந்திரா. ஏதேனும் ஒரு தளத்தின் வழக்கத்தை மாற்றினால் போதும்.

தேதி பல்லாண்டு பின்சென்றிருந்து, அதுவும் சுவிட்சை அணைத்த இரவுக்குப் பின்னரே நேர்ந்தால், மின்கலத்தையும் அதன் நாக்கையும் ஐயுற வேண்டும். சுவிட்சை அணைக்காமலே சில இரவுகள் விட்டுப்பார்த்தால் ஐயம் தீரும்.

தேதியும் நேரமும் சரியாக இருக்க, அமைப்புகள் மட்டும் அழிந்து, அதுவும் குறிப்பிட்ட ஒரு தளத்தை ஓட்டிய பின்னரே நேர்ந்தால், இயக்கியை ஐயுற வேண்டும். பலகைகள் சில தொகை பொருந்தாதபோது தேதியையும் அழித்துவிடுமாதலால், தேதியை மட்டும் நம்பாமல், ஒரு வாரம் மற்றத் தளத்தை மட்டும் ஓட்டிப்பார்ப்பது நலம். நோய் நின்றுவிட்டால் மின்கலத்திற்கு வீணே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றுள் எதனைச் செய்யும் முன்பும், அமைப்புத்திரைகளைக் கைப்பேசியில் படமெடுத்துவைப்பது சாலச் சிறந்தது. வன்தட்டின் முறை என்ன, எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் இரு செய்திகளேனும் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தால், வன்தட்டைத் துடைக்க முனைபவரைத் தடுத்து நிறுத்தலாம். விண்டோஸ் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், அமைப்புகள் அழிந்தபின் 48 இலக்க மீட்புத் திறவுகோலைப் பொறி கேட்கக்கூடும். அதனையும் பொறிக்கு வெளியே எழுதிவைத்திருக்க வேண்டும்.

திருத்திய அட்டவணையைப் பயன்படுத்துவோர், தாய்ப்பலகையின் பயாஸையே புதுப்பித்தால், பலகை அளிக்கும் அட்டவணையும் மாறியிருக்கக்கூடும். பழைய ஒட்டை அப்படியே வைக்காமல், புதிய அட்டவணையை எடுத்து, அதில் எண்ணைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வெளிவந்த மேக் ஓஎஸ் 26 இன்டெல் செயலிகளுக்குரிய இறுதிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. ஆகவே ஆப்பிள்ஆர்டிசி இயக்கிக்குப் புதிய ஒட்டு எழுத வேண்டிய தேவை இனி மெல்லக் குறையும். பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் பொறிகளில், எட்டை இரண்டாக்கிய அந்தத் திருத்தம் அவை ஓடும் காலமட்டும் இருந்துகொண்டிருக்கும்.